மீந்ததும் எறிந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீந்த குழம்பு, பூஞ்சை பிடித்த ரொட்டி, சாக்கடை ஓரத்துக் கீரை, குப்பைமேட்டுப் புகை என்று பேச்சு எடுத்தாலே ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். முன்னால் சொன்ன பதில் பின்னாலும் தேவைப்படும் இடங்களில் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் சாப்பிடக் கூடாதுங்கறீங்க?

உணவை ஊசிப்போக வைக்கும் கிருமிகளும் ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகளும் பெரும்பாலும் வேறு வேறு. புளித்த வாடை, நூல் விடுவது, நிறம் மாறுவது எல்லாம் முதல் வகையின் வேலை. சால்மொனெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ், பேசில்லஸ் சீரியஸ் போன்றவை நோய் தரும் அளவுக்குப் பெருகிய பிறகும் வாசனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

ஆகவே மூக்கு ‘கெட்டுவிட்டது’ என்றால் நம்புங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்றால் நம்பாதீர்கள். பார்க்க வேண்டியது கடிகாரத்தை: அடுப்பிலிருந்து இறக்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதுவரை எந்தச் சூட்டில் இருந்தது?

2. அப்போ வெளியில எவ்வளவு நேரம் வைக்கலாம்?

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்த இடைவெளியில் சமைத்த உணவு வெளியில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் சமையலறை பகல் முழுக்க அந்த அளவுக்கு மேல்தான் இருக்கும். காலையில் முக்கால் மணி, மதியம் அரை மணி என்று வெளியில் எடுத்து வைத்த நேரங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெந்த சோறு, பருப்பு, கறி, மீன், முட்டை, பால், தேங்காய்ச் சட்னி ஆகியவை இந்தக் கணக்குக்குள் கண்டிப்பாக வரும். ஊறுகாய், புளிக்காய்ச்சல், அப்பளம், முறுக்கு வராது. நீர்ச்சத்துக் குறைவும் புளிப்பும் உப்பும் எண்ணெயும் அவற்றைக் காக்கின்றன. ஹாட்பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை: உள்ளே 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அது நல்லது. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

3. நல்லா கொதிக்க வெச்சுட்டா எல்லாம் செத்துடாதா?

கிருமி சாகும். அது ஏற்கெனவே உணவில் விட்ட நஞ்சு அழியாது, சில வகைகளில். பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் அரிசியோடு இயல்பாகவே வருபவை. உலையில் அவை சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி, செரியுலைடு என்னும் நஞ்சை உண்டாக்கும். அது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் தாங்கும். நம் பிரஷர் குக்கரின் உச்சச் சூடே ஏறத்தாழ அவ்வளவுதான். சமைப்பவர் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்கு வரும் ஸ்டாஃபிலோகாக்கஸின் நஞ்சும் அரை மணி நேரக் கொதியைத் தாங்கக்கூடியது.

எனவே மறுசூடு என்பது சரியாக எடுத்து வைத்த உணவுக்கு மட்டும். குழம்பு, சாம்பார் என்றால் கிளறிவிட்டு நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் கொதித்தாலும் நடுவில் குளிர்ந்தே இருக்கும். பாதியில் நிறுத்திக் கிளற வேண்டும். ஒருமுறை சுடவைத்ததை மீண்டும் எடுத்து வைக்காதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிரித்துச் சூடாக்குங்கள்.

4. பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியிலதானே இருக்கு? அது மட்டும் எப்படி ஒண்ணும் பண்ணாது?

நல்ல கேள்வி. வெறுமனே மூடி வைத்த சோறும் தண்ணீர் ஊற்றி வைத்த சோறும் ஒன்றல்ல. தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. நீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 4.3-க்குக் கீழே போனால் பேசில்லஸ் சீரியஸ் வளர முடியாது. தயிரும் இட்லி மாவும் நிலைத்து நிற்பது இதே புளிப்பால்தான்.

ஆனால் புளிப்பு ஏறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை நடப்பதும், அதற்கு முன்பே உண்டான நஞ்சும் புளிப்பால் நீங்காது. மதியம் வடித்த சோற்றை இரவு பத்து மணி வரை சட்டியில் விட்டுவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. சோறு ஆறியதும், 2-ஆம் கேள்வியில் சொன்ன நேரத்துக்குள், குடிக்கிற தண்ணீரை மூழ்கும்வரை ஊற்ற வேண்டும். சட்டி சுத்தமாக இருக்க வேண்டும். குழம்பு பட்ட கரண்டியை உள்ளே விடக் கூடாது. 8 முதல் 12 மணி நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். கோடையில் அதற்கும் முன்னால். கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும், கைக்குழந்தைக்கும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

5. சூடா ஃப்ரிட்ஜுல வெச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்னு சொல்றாங்களே?

கொதிக்கிற குண்டாவை அப்படியே தூக்கி வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும். அதற்காக முழுதும் ஆறட்டும் என்று இரவு முழுக்க மேடையில் விடுவது அதைவிட மோசம். ஆபத்து பெரிய பாத்திரத்தில்தான். பத்து லிட்டர் குண்டாவில் உள்ள கறிக்குழம்பின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு 43 முதல் 47 டிகிரி மிகப் பிடித்த சூடு. அந்த நிலையில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். விருந்துக்கு மறுநாள் ஒரே நேரத்தில் பலருக்கு வயிற்றைக் கலக்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள். தட்டை ஐஸ் அல்லது குளிர்ந்த நீர் உள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கி, இடையிடையே கிளறுங்கள். ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள். 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து 5-க்கு இன்னும் 4 மணி நேரம் போகலாம். ஃப்ரிட்ஜின் உள்சூடு 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பல வீடுகளில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் திருகியைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை மறுநாளே முடித்துவிடுவது நல்லது. குழம்பு, கறி வகைகள் 3 நாள் தாங்கும்.

6. புயல் மழையில கரன்ட் போயிடுச்சு. உள்ள இருக்கறதெல்லாம் கொட்டணுமா?

கதவைத் திறக்காவிட்டால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். அதற்கு மேல் போனால் பால், மீன், கறி, சமைத்தவை எல்லாம் போக வேண்டியவைதான். ஊறுகாய், ஜாம், வெங்காயம், முழு எலுமிச்சை இருக்கலாம். ஃப்ரீசரில் இன்னும் ஐஸ் துகள் தெரிகிற கறியைச் சமைத்துவிடலாம். வெள்ள நீர் தொட்ட எதையும், மூடிய பாக்கெட்டாக இருந்தாலும், எடுக்காதீர்கள்; அந்த நீரில் சாக்கடை கலந்திருக்கும்.

7. பாக்கெட்ல போட்ட தேதி நேத்தோட முடிஞ்சுது. விஷமா அது?

‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரத்துக்கான தேதி. அது கடந்தால் பிஸ்கட் மொறுமொறுப்பை இழக்கலாம், ரவையில் வண்டு வரலாம். ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ என்றிருந்தால் அதுவே எல்லை. பால், பனீர், குளிர்பதனக் கறி ஆகியவற்றில் ஒரு நாள்கூடத் தாண்டாதீர்கள். இரண்டு தேதிகளும் பிரிக்காத பாக்கெட்டுக்குச் சொன்னவை. பிரித்துவிட்டால் ‘பிரித்த பின் இத்தனை நாளுக்குள்’ என்ற சிறிய எழுத்துதான் கணக்கு.

8. ரொட்டியில ஒரு ஓரத்துலதான் பூஞ்சை. அதை மட்டும் பிச்சுப் போட்டுட்டா?

கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளி பூஞ்சையின் வித்துப் பகுதி மட்டுமே. அதன் இழைகள் மென்மையான, ஈரமான உணவில் ஆழமாகப் பரவியிருக்கும். ரொட்டி, சாதம், பனீர், ஜாம், வேகவைத்த காய், மேலே வெள்ளை படர்ந்த ஊறுகாய் என்றால் முழுவதையும் எறியுங்கள். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காயில் பூஞ்சையைச் சுற்றியும் கீழேயும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். கத்தி பூஞ்சையைத் தொடக் கூடாது. இட்லி மாவு புளித்திருந்தால் தோசைக்கு ஆகும். மேலே கறுப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் ஆகாது.

9. வீணாக்காதேன்னும் சொல்றீங்க, சந்தேகம்னா கொட்டுன்னும் சொல்றீங்க. எதைத்தான் கேக்கறது?

முரண் போலத் தோன்றுவதற்குக் காரணம், மறுநாள் காலையில் கேட்பதுதான். அந்நேரம் தட்டில் இருப்பதைக் காப்பாற்ற வழியில்லை. காப்பாற்றும் நேரம் முந்தைய நாள், அடுப்பை அணைத்த முதல் இரண்டு மணி நேரம். சாப்பிட உட்காரும் முன்பே நாளைக்கு வேண்டியதைத் தனியே எடுத்து ஆறவைத்துவிட்டால் அது உணவு. எல்லோரும் கரண்டி போட்டு முடித்து, இரவு பாத்திரம் கழுவும்போது மிஞ்சியதை எடுத்து வைத்தால் அது அரைக் குப்பை.

இதற்கும் முன்னால் அளவு இருக்கிறது. வீட்டில் ஒரு வேளைக்கு ஆளுக்கு 75 முதல் 100 கிராம் அரிசி போதும். 1 கிலோ அரிசி 10 பேருக்கு வரும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று போடும் அந்த ஒரு படிதான் பெரும்பாலும் மறுநாள் பிரச்சினை.

10. கடலையில ஒண்ணு ரெண்டு கசக்குது. துப்பிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?

கசந்ததை உடனே துப்புவது சரி. ஆனால் கையளவில் இரண்டு மூன்று கசந்தால், அல்லது சுருங்கி நிறம் மாறிய பருப்புகள் தெரிந்தால், அந்தப் பை முழுவதும் வேண்டாம். அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், கொப்பரை ஆகியவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அறுவடைக்குப் பின் சரியாகக் காயாததும் ஈரமான கிடங்கும் முக்கியக் காரணங்கள். வறுத்தாலும் முழுதாகப் போகாது. நீண்ட காலம் சிறுகச் சிறுகச் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு இட்டுச் செல்லும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. ஒரேயடியாக அதிகம் போனால் உயிரே போகும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 106 பேர் இறந்தார்கள்.

மனிதருக்கு ஆகாது என்று கழித்த கடலை எங்கே போகிறது என்பதுதான் பலர் யோசிக்காத இடம். அது செக்குக்குப் போய்ப் புண்ணாக்காகி மாட்டுத் தீவனத்தில் சேர்கிறது. பசு அதைத் தின்றால் நஞ்சின் ஒரு பகுதி எம்1 என்ற வடிவில் பாலில் வரும். பாலைக் காய்ச்சுவதால் அது போகாது. இந்தியாவில் பாலில் அதற்கு அனுமதித்த உச்ச அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். மாடு வளர்ப்பவர்கள் புண்ணாக்கைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல், பலகை மேல் அடுக்க வேண்டும். கட்டி கட்டியாகவும் பூசண வாடையுடனும் இருப்பதை ‘மாட்டுக்குத்தானே’ என்று போடாதீர்கள். அது உங்கள் டம்ளருக்கே திரும்பி வரும்.

11. மீந்த சோறை மாட்டுக்குப் போட்டா புண்ணியம்தானே?

இரண்டு கைப்பிடி என்றால் பாதகமில்லை. வாளி கணக்கில் என்றால் மாட்டைக் கொல்லலாம். மாட்டின் முதல் வயிறு நாரைச் செரிக்கப் பழகியது. வெந்த சோறு, பொங்கல், பரோட்டா போன்ற மாவுச்சத்து திடீரெனக் குவிந்தால் அங்கே அமிலம் ஏறி, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும். 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டா அதிகம் தின்ற ஐந்து பசுக்கள் இப்படித்தான் இறந்தன. சோற்றைப் பிளாஸ்டிக் பையோடு கட்டித் தெருவில் வைப்பது இன்னும் கொடுமை. பை வயிற்றிலேயே தங்கிவிடும்.

12. பஜ்ஜி சுட்ட எண்ணெயை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?

எத்தனை தடவை என்பதைவிட எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் காய்ந்தது, மாவுத் துகள் எவ்வளவு சேர்ந்தது என்பது முக்கியம். எண்ணெய் சிதையும்போது துருவச் சேர்மங்கள் என்ற சிதைவுப் பொருள்கள் கூடும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. நான்கு அறிகுறிகள் போதும். முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைவது, பலகாரத்தைப் போட்டதும் அடங்காமல் நுரைப்பது, பிசுபிசுப்பு, கருமை. ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள்.

வடைக்குக் காய்ச்சியதை ஆறியதும் துணியில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் இருட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவும் தோசைக்கும் தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். புது எண்ணெயை அதன் மேல் ஊற்றிக் ‘கலந்துகொள்வது’ பழையதன் கெடுதலைப் புதியதற்கும் பரப்பும்.

கழித்த எண்ணெய் தொட்டிக் குழாயில் போனால் குளிர்ந்து உறைந்து, சோற்றுப் பருக்கையைப் பிடித்துக்கொண்டு அடைத்துவிடும். வீட்டில் கொஞ்சம் என்றால் பழைய துணியிலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்கு எழுதி, பயோடீசல் தயாரிக்க எடுத்துச் செல்லும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெயர் ரூகோ. கடை வாசலில் கறுத்த எண்ணெயைத் தகர டின்னில் மலிவாக விற்றால் அது இந்த வழியிலிருந்து தப்பிய எண்ணெய் என்று புரிந்துகொள்ளலாம்.

13. சாக்கடை அடைச்சா அது கார்ப்பரேஷன் பிரச்சினை. அதுக்கும் என் சாப்பாட்டுக்கும் என்ன?

நம் நகரங்களில் குடிநீர் 24 மணி நேரமும் வருவதில்லை. குழாயில் நீர் வராத நேரங்களில் உள்ளே அழுத்தம் இருக்காது. பக்கத்திலேயே ஓடும் சாக்கடை அடைத்து நிரம்பிக் கசிந்தால், விரிசல் வழியாக அந்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படும். தண்ணீர் திறந்ததும் முதலில் வருவது அதுதான். காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியில் வந்தவை. காய் கழுவுவதும் சட்னி அரைப்பதும் அதே நீரில்தான்.

தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிட நீரைப் பாத்திரம் கழுவக்கூட எடுக்காமல் விடுங்கள். கலங்கலோ வாடையோ இருந்தால் முழுக் கொதி வந்த பின் ஒரு நிமிடம் காய்ச்சினால் கிருமி சாகும். ரசாயனக் கழிவு கலந்திருந்தால் காய்ச்சினாலும் போகாது. குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதைப் பார்க்கும் சிறிய கிட் மலிவாகக் கிடைக்கிறது, குடியிருப்புச் சங்கம் ஒன்று வாங்கி வைக்கலாம்.

14. பேப்பர்ல வடை, பிளாஸ்டிக் கவர்ல சூடா சாம்பார்... இதெல்லாம் காலங்காலமா வாங்கறதுதானே?

செய்தித்தாள் மையில் உள்ள எண்ணெய்களும் நிறமிகளும் வடையின் எண்ணெயில் எளிதாகக் கரையும். அந்தத் தாள் எத்தனை கை மாறி, எந்தத் தரையில் கிடந்து வந்தது என்பது வேறு. உணவைச் செய்தித்தாளில் பொதிவதையும் பரிமாறுவதையும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதிவு விதிகள் தடுக்கின்றன. எண்ணெய் ஒற்றி எடுப்பதற்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கொதிக்கும் சாம்பாரும் டீயும் மெல்லிய பையில் விழும்போது பிளாஸ்டிக்கில் சேர்த்த வேதிப்பொருள்களும் நுண்துகள்களும் கூடுதலாகக் கசிகின்றன. சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் சேர்ந்தால் கசிவு அதிகம். சாம்பாரில் மூன்றும் உண்டு. தமிழ்நாட்டில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் உட்பட 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் தூக்கு எடுத்துப்போவது வெட்கப்படும் விஷயமல்ல.

15. நான் தூக்கிப் போட்ட சோறு மண்ணோட மண்ணாத்தானே போகும்?

மண்ணோடு கலந்தால் போகும். குப்பைமேட்டில் பிளாஸ்டிக்குக்கும் டயப்பருக்கும் நடுவில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேனாகும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குச் சூடேற்றும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ.

அழுகும் உணவின் சாறு புளிப்பானது. அது பேட்டரி, பெயின்ட் டப்பா, மின்கழிவு மேல் வழியும்போது ஈயம், காட்மியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீருக்கு இறங்கும். சோற்றைத் தனியாகப் பிரிக்காவிட்டால் அது பக்கத்துக் குப்பையின் நஞ்சைச் சுமந்து செல்லும் வண்டியாகிறது. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு, 2022-இல் ராம்சர் தளமாக (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியே வளர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்த மேடு நாள் கணக்கில் எரிந்தது.

16. எரிஞ்சா குப்பை குறையுதே, நல்லதுதானே?

பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின்கள் என்ற கடும் நஞ்சுகள் உண்டாகும். உப்புப் போட்ட சாப்பாடு ஈரத்தோடு சேர்ந்து எரிவதும் சூட்டைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும். இவை சாம்பலில் படிந்து மண்ணில் தங்கும். மனிதருக்கு வருவது மூச்சைவிட உணவு வழியாகவே அதிகம்: கறி, பால், மீன், முட்டை. உடல் கொழுப்பில் தங்கி, பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

எரிந்த குப்பை கிடந்த மண்ணைக் கிளறி மேயும் நாட்டுக்கோழியின் முட்டையில் இது சேரும். நாட்டுக்கோழி என்பதால் மட்டும் முட்டை சுத்தமாகிவிடாது. மேய்ந்த இடத்தைக் கேளுங்கள். தெருமுனையில் காய்ந்த இலையோடு கவரையும் சேர்த்துக் கொளுத்தினாலும் நடப்பது இதே.

17. சாக்கடைத் தண்ணியில வளர்ற கீரையை உப்புத் தண்ணியில கழுவிட்டா சரியாயிடுமா?

எது ஒட்டியிருக்கிறது, எது உள்ளே ஏறியிருக்கிறது என்று பிரிக்க வேண்டும். இலை மேல் உள்ள மண், புழு முட்டை, கிருமிகளின் ஒரு பகுதி, சாலைப் புழுதியில் உள்ள ஈயத் தூசு ஆகியவை கழுவினால் குறையும். வேரையும் அடித்தண்டையும் வெட்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல்லுப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு ஓடும் நீரில் இரண்டு முறை அலசுங்கள். இலையை அரிந்த பிறகு கழுவாதீர்கள். மஞ்சள்தூளோ வினிகரோ அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்வதில்லை. சமைப்பதுதான் மீதிக் கிருமியை முடிக்கும். அந்தப் பகுதிக் கீரையும் கொத்தமல்லியும் பச்சையாக வேண்டாம்.

வேர் வழியே ஏறிய உலோகம் கழுவியும் போகாது, வெந்தும் போகாது. காட்மியம் கீரைகளின் இலை வரை எளிதில் ஏறும். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். ஆகவே முள்ளங்கி, கிழங்கு வகைகளைத் தோல் சீவிப் பயன்படுத்துங்கள். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே பயிருக்கு உதவாத நீர்த்தேக்கமாக்கியது. இப்படிப்பட்ட இடங்களில் சமையலறையில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஒரே இடத்துக் கீரையை தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவது உடலில் சேரும் அளவைக் குறைக்கும்.

18. மீன்ல பாதரசம்னு சொல்றாங்க. மீனையே விட்டுடணுமா?

வேண்டாம், சின்ன மீனுக்கு மாறுங்கள். நிலக்கரி எரிப்பதிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் கடலுக்கு வரும் பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் குவிகிறது. சுறா, மயில்மீன், பெரிய சூரை ஆகியவற்றைக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மலிவும் நல்லதும். பாதரசம் தசைப் புரதத்தில் ஒட்டியிருப்பதால் தோலை உரித்தாலும் கொழுப்பை எடுத்தாலும் போகாது.

எண்ணெய்க் கசிவு வேறு வகை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் பரவியது. அத்தகைய நேரத்தில் நகர்ந்து போகும் மீனைவிட, ஓரிடத்தில் இருந்து நீரை வடிகட்டித் தின்னும் மட்டி, சிப்பி வகைகளில்தான் எண்ணெயின் நச்சுச் சேர்மங்கள் அதிகம் தங்கும். வெட்டும்போது மண்ணெண்ணெய் வாடை வந்தால் சமைக்காதீர்கள். 1-ஆம் கேள்வியில் சொன்னதுபோல, வாடை இல்லாததைச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

19. கல்யாணத்துல நிறைய மீந்துடுச்சு. இல்லத்துக்குக் கொடுத்துடலாமா?

கொடுக்கலாம், ஆனால் முடிவை பந்தி தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சமைத்து முடித்த சாம்பாரை நான்கு மணிக்கு எடுத்துப்போகச் சொல்வது, நீங்கள் சாப்பிடத் தயங்குவதைக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுப்பதாகும். அவர்களுக்குத்தான் எதிர்ப்புச் சக்தி குறைவு. மீந்த உணவைப் பகிர்வதற்கென 2019-இல் இந்தியாவில் தனி ஒழுங்குமுறையே வந்திருக்கிறது.

நடைமுறை இதுதான்: மூன்றில் ஒரு பங்கைப் பரிமாறும் இடத்துக்கே கொண்டுபோகாமல் சமையற்கட்டில் மூடி, 60 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள். கடைசிப் பந்தி அமரும்போதே பகிரும் அமைப்பை அழையுங்கள். பாத்திரத்தில் உணவின் பெயரும் சமைத்து முடித்த நேரமும் எழுதி ஒட்டுங்கள். இலையில் வைத்தது, பரிமாறும் வாளியில் திரும்பி வந்தது, தயிர் வடை, தேங்காய்ச் சட்னி, பாயசம் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். சாதமும் குழம்பும் கலந்த பிறகு அனுப்ப வேண்டாம்.

20. சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல வாந்தி. எது காரணம்னு எப்படித் தெரியும்?

1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி தொடங்கினால் 3-ஆம் கேள்வியில் சொன்ன நஞ்சு வகைகள். ஒரு நாளில் பெரும்பாலும் அடங்கும். 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும் என்றால் 5-ஆம் கேள்வியில் சொன்ன பெரிய குண்டா உணவைச் சந்தேகிக்கலாம். காய்ச்சலோடு ஒன்றிரண்டு நாள் கழித்து வந்தால் சால்மொனெல்லா போன்றவை. ஆகவே ‘கடைசியாகச் சாப்பிட்டதுதான்’ காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுகச் சிறுகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, பார்வை இரட்டையாகத் தெரிவது, கைக்குழந்தை, கர்ப்பிணி: இவற்றில் ஒன்றிருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் போகும்போது பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டாம். வெளியில் வாங்கிய உணவென்றால் மீதியை எறியாமல் பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்து, ரசீதோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

21. வீட்டுலயே உரம் போட்டுப் பார்த்தேன். நாத்தமும் புழுவும்தான் மிச்சம். எங்க தப்பு?

பெரும்பாலும் ஈரம். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னைநார்த் தூள், எடையில் அல்ல, கொள்ளளவில். 20 லிட்டர் வாளியில் பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்டு, அடியில் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை. மேலே நறுக்கிய கழிவு, அதை மூட இலை, என்று அடுக்கடுக்காக. முதல் வாரம் ஒரு டம்ளர் புளித்த மோரைத் தெளித்தால் தொடக்கம் வேகம் பிடிக்கும். வாரம் இருமுறை அடிவரை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் இலையைக் கூட்டுங்கள். ஒன்றும் வராவிட்டால் நீர் தெளியுங்கள்.

அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை, கிளறுங்கள். அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், இலை போதவில்லை. சாம்பல் நிறத்தில் தடித்து நெளிபவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். அவை கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை நம்மைவிட வேகமாகத் தீர்க்கும். பார்க்கச் சகிக்காதென்றால் மேலே இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை போட்டால் குறையும். கறி, மீன், எண்ணெய், பால் வகைகள் இந்தச் சிறிய வாளிக்கு வேண்டாம், எலி வரும். மீந்த காய்க் குழம்பில் இருக்கும் அளவு உப்பும் எண்ணெயும் என்றால், நீர் வடித்துக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். 6 முதல் 8 வாரத்தில் மண் வாசனையோடு கருத்து உதிர்ந்தால் தயார். உள்ளே தக்காளித் தோலும் எலுமிச்சைத் தோலும் அப்படியே தெரிந்தால் சலித்து எடுத்து அடுத்த வாளியில் போடுங்கள்.